கூரைக்கு அலுமினியம் சரி, பீலிக்குச் செம்பு வேண்டாம்: கூரை மாற்றும் வாசகிக்கு ஒரு பதில்

வாசகி ஒருவரின் கடிதம் இது. அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஒற்றைத் தள வீடு. நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு சரிவும் தரையளவில் 10 மீட்டருக்கு 6 மீட்டர். கடற்கரை பத்து நிமிட நடை. கூரையை உலோகத்துக்கு மாற்றப் போகிறார்கள், அது சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் செய்யாததாக இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அலுமினியம் நூறு சதவீதம் மறுசுழற்சி ஆகும் என்று படித்ததால் பெயின்ட் அடிக்காத அலுமினிய ஷீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பளபளப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது கூடுதல் காரணம். ஓரத்துப் பீலிக்கு, அதாவது கட்டருக்கு, செம்பு போடலாம் என்று நினைக்கிறார். செம்பு கிருமியைக் கொல்லுமாம், கூரைநீரைக் குடிக்கலாமாம், மிஞ்சுவது தோட்டத்து மீன்குட்டைக்கு. ஷீட் போடுபவரோ 0.5 மி.மீ. கலர் தகரமே, அதாவது பெயின்ட் அடித்த எஃகு ஷீட்டே, போதும் என்கிறார். பழைய ஷீட்டைக் கழற்றுவது எதற்கு, அதன் மேலேயே புதியதை முடுக்கிவிடலாமே என்பது கணவரின் யோசனை. மழைச் சத்தத்தில் மாமனாருக்குத் தூக்கம் கெடுமே என்ற கவலை கடைசி வரியில் இருக்கிறது.

அன்புள்ள வாசகிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கு அலுமினியம் பொருந்தும், ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக அல்ல. பெயின்ட் அடித்ததையே வாங்குங்கள். செம்புப் பீலியைக் கைவிடுங்கள். பழைய ஷீட்டின் மேல் புதியதை முடுக்கும் யோசனைக்கு மட்டும் எந்த நிலையிலும் சம்மதிக்காதீர்கள். எந்த உலோகம் என்று யோசிக்கச் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது, அந்த உலோகத்தை எது தொடுகிறது, அதன் மேல் விழும் நீர் எந்த வழியாக எங்கே போகிறது என்பதற்குச் செலவிடுங்கள். கூரை முப்பது வருடம் நிற்குமா, பத்தில் ஓட்டை விழுமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் பழைய ஷீட்

கணவரின் யோசனை சிக்கனமாகத் தெரியும். ஆனால் மேலே புதிய ஷீட்டை முடுக்கும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்துக்கொண்டுதான் இறங்கும். உங்கள் கூரையளவுக்கு நூற்றுக்கணக்கான துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் வரும் தூளில் கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழைகள் இருக்கும். மூச்சோடு போனால் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படக்கூடியவை அவை. இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கிப் புது உலோகம் அடிப்பக்கத்திலிருந்து அரிக்கத் தொடங்கும் என்பது இன்னொரு கேடு. என்றாவது ஒருநாள் கழற்றியே ஆக வேண்டும், அப்போது வேலையும் ஆபத்தும் இரட்டிப்பாகியிருக்கும்.

பல நாடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கழற்ற உரிமம் பெற்றவர்தான் வர வேண்டும். கழிவைப் போடத் தனி இடமும் உண்டு. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் இதைக் கேட்ட பிறகே தேதி குறியுங்கள். யார் கழற்றினாலும் முறை ஒன்றுதான். ஷீட்டை முதலில் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், சோப்பு கொஞ்சம் கலந்தால் நீர் நன்றாக ஊறும். கொக்கி போல்ட்டை வெட்டி எடுத்து, ஷீட்டை உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். மேலிருந்து தூக்கிப் போடக் கூடாது. இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒட்ட வேண்டும். துணி முகமூடி இந்த இழையைத் தடுக்காது, எஃப்.எஃப்.பி.3 அல்லது பி100 தர முகமூடி வேண்டும். விளக்குமாறு, பிரஷர் வாஷர் இரண்டும் கூடாது. பழைய பீலியில் படிந்திருக்கும் கறுப்பு வண்டலிலும் இழை இருக்கும், அதையும் ஈரமாகவே வழித்துப் பையில் கட்டுங்கள். முப்பது வருட ஷீட் உளுத்த பலகை மாதிரி, ஆள் கால் வைத்தால் உடையும். குறுக்குப் பலகை போட்டு, அதன் மேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். அன்று மாமனாரும் குழந்தைகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

மறுசுழற்சி ஆகும் என்பதும், ஆனது என்பதும்

“நூறு சதவீதம் மறுசுழற்சி ஆகும்” என்பது பொய்யில்லை. ஆனால் அது எஃகுக்கும் பொருந்தும், செம்புக்கும் துத்தநாகத்துக்கும் பொருந்தும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த ஷீட்டில் ஏற்கெனவே மறுசுழற்சி செய்த உலோகம் எத்தனை சதவீதம்?

கணக்கைப் பாருங்கள். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க, மின்னாற்பகுப்புக்கு மட்டும் ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் ஆகிறது. 0.7 மி.மீ. ஷீட் ஒரு சதுர மீட்டர் 1.9 கிலோ எடை. அதாவது ஒரு சதுர மீட்டர் கூரைக்குள் 26 யூனிட் மின்சாரம் உறைந்து கிடக்கிறது. உலகச் சராசரியில் இந்தச் சதுர மீட்டருக்குக் கரியமில வாயு வெளியேற்றம் தோராயமாக 28 கிலோ. அதே இடத்தில் 0.5 மி.மீ. எஃகு ஷீட் போட்டால் எடை 3.9 கிலோ, வெளியேற்றமோ 10 கிலோ அளவில்தான் நிற்கும். ஆக, புதிதாக உருக்கிய அலுமினியம் தகரத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமான கரியமிலச் சுவடு விடுகிறது. நிலக்கரி மின்சாரத்தில் உருக்கியதென்றால் இன்னும் கூடும், நீர்மின்சாரத்தில் என்றால் வெகுவாகக் குறையும்.

பழைய அலுமினியத்தை மறுபடி உருக்கினால் கதையே மாறிவிடும். தாதுவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் 5 சதவீதம் போதும். அதனால்தான் ‘அலுமினியம்’ என்ற பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கட்டுமான ஷீட்டுக்குப் பயன்படும் 3105 என்ற கலவை பழைய உலோகத்தைத் தாராளமாக ஏற்கும், அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். விற்பவரின் விளம்பரத் தாளை நம்ப வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 14025 முறைப்படி மூன்றாம் தரப்பு சரிபார்த்த சூழல் அறிக்கை, சுருக்கமாக இ.பி.டி., இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஏ1 முதல் ஏ3 வரையிலான வரிசையைப் பாருங்கள், தொழிற்சாலை வாசல் வரை ஆன வெளியேற்றம் அங்கே இருக்கும். ‘டி’ என்று ஒரு வரிசையும் வரும். எதிர்காலத்தில் மறுசுழற்சி நடந்தால் கிடைக்கப்போகும் மிச்சம் அது. சிலர் அதை முன்கூட்டியே கழித்து அழகான எண்ணைக் காட்டுவார்கள். மறுசுழற்சிச் சதவீதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆலையில் வெட்டி விழுந்த துண்டைத் திரும்ப உருக்குவது ஒரு கணக்கு, யாரோ பயன்படுத்தி முடித்த ஜன்னலையும் கூரையையும் உருக்குவது வேறு கணக்கு. இரண்டாவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

கடல் காற்றில் தகரமா, அலுமினியமா

சுவடு குறைவென்றால் தகரமே போடலாமே என்று தோன்றும். கடல் தள்ளியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் ஷீட் போடுபவர் சொல்வது பெரும்பாலும் கால்வால்யூம் ஷீட்டாக இருக்கும். எஃகின் மேல் 55 சதவீத அலுமினியம், மீதியில் பெரும்பகுதி துத்தநாகம், கொஞ்சம் சிலிக்கான் கலந்த பூச்சு. வெறும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைவிடப் பெரும்பாலான இடங்களில் நெடுநாள் உழைக்கும். ‘ஏ.இசட். 150’ என்றால் இரண்டு முகத்துக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் பூச்சு, முகத்துக்கு வெறும் 20 மைக்ரான். பூச்சு இல்லாத இடம் வெட்டு விளிம்பு. உப்புக்காற்று அங்கேதான் நுழையும். கூரையின் கீழ்விளிம்பான இறவாணத்து நுனியில் பெயின்ட் கொப்பளித்து, விரலால் தடவினால் செதில் செதிலாக உரியும். உற்பத்தியாளர் உத்தரவாதங்களில் கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் செல்லாது என்ற வரி சிறிய எழுத்தில் பெரும்பாலும் இருக்கும், படித்துப் பாருங்கள். பத்து நிமிட நடை என்றால் நீங்கள் அந்த எல்லைக்குள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். பாதி வயதில் ஒரு தடவை மாற்ற நேர்ந்தால் தகரத்தின் சுவடும் இரட்டிப்பாகும், இறக்கி ஏற்றும் செலவு தனி.

அலுமினியத்தில் வெட்டு விளிம்பும் அலுமினியமே. உப்புக்காற்றில் சாம்பல் நிறப் புள்ளிகள் வரும், ஓட்டை விழுவது அபூர்வம். 3000 அல்லது 5000 வரிசைக் கலவை, 0.7 மி.மீ.க்குக் குறையாத தடிமன். 6.3 மீட்டர் நீளத்தில் முகட்டிலிருந்து பீலி வரை ஒரே ஷீட்டாக வாங்கினால் குறுக்கு மூட்டே இருக்காது. மூட்டு இல்லாத இடத்தில் ஒழுக்கும் இல்லை.

அலுமினியத்துக்குப் பட்ஜெட் ஒத்துவராவிட்டால் ஏ.இசட். 200 பூச்சுள்ள கலர் தகரத்தைக் கேளுங்கள். அப்போது ஷீட் போடுபவர் சொல்லும் அந்த ‘0.5’ எதன் அளவு என்பதையும் கேட்டுவிடுங்கள். பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்த்து 0.5 என்றால் உள்ளே இருக்கும் எஃகு 0.42 அளவில்தான் இருக்கும். பலத்தைத் தருவது உள்ளே இருக்கும் எஃகு மட்டுமே. ஒரே எண்ணைச் சொல்லி இருவர் விலை கொடுத்தால், இருவரும் ஒரே ஷீட்டைச் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பளபளப்பு குளிர்ச்சி இல்லை

பெயின்ட் இல்லாத அலுமினியம் வெயிலைத் திருப்புவது உண்மை. ஆனால் ஏறிய சூட்டை வெளியே கக்குவதில் அது மகா கஞ்சன். வெப்பக் கதிர்வீச்சில், முழு அளவு 1 என்றால், பெயின்ட் அடித்த முகம் 0.85க்கு மேல் என்றால், வெற்று அலுமினியம் 0.1 அளவில் இருக்கும். அதனால்தான் வெயிலில் கிடக்கும் எவர்சில்வர் தட்டும் அலுமினியத் தட்டும் கையைச் சுடுகின்றன. வெள்ளை அல்லது வெளிர் நிறப் பெயின்ட் இரண்டு வேலையையும் செய்யும், திருப்பியும் அனுப்பும், கக்கியும் விடும். அடர் பச்சை, அடர் சிவப்பு வேண்டாம். பச்சை நிறத்துக்கும் பசுமைக்கும் சம்பந்தமில்லை.

எந்தப் பெயின்ட்? பி.வி.டி.எஃப். என்ற ஃபுளோரின் ரெசின் நிறம் மங்காமல் வெகுகாலம் நிற்கும். ஆனால் இயற்கையில் எளிதில் சிதையாத பி.எஃப்.ஏ.எஸ். ரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. எஃகுக்குப் பெயின்ட் உயிர்க்கவசம், அங்கே இதைப் போடலாமா என்ற விவாதம் அர்த்தமுள்ளது. அலுமினியத்துக்கோ பெயின்ட் முக்கியமாகச் சூட்டுக்காகத்தான், போனாலும் உலோகம் நிற்கும். தரமான வெளிர் நிற பாலியெஸ்டர் பூச்சே உங்களுக்குப் போதும் என்பது என் அபிப்பிராயம். அடிப்பூச்சில் குரோமேட் என்ற நச்சு உப்பு இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

ஷீட்டுக்குக் கீழே, அதைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளான பர்லின் மேல் கம்பிவலை விரித்து 50 மி.மீ. கனிமக் கம்பளம் (ராக்வூல் போன்றது) ஒன்று போடுங்கள். வெப்பத்துக்கும் அதுதான், மாமனாரின் தூக்கத்துக்கும் அதுதான். கம்பளம் ஷீட்டை ஒட்டியே இருக்க வேண்டும், அப்போதுதான் மழைத்துளி அடியில் ஷீட் அதிர்வது அடங்கும். கம்பளத்தோடு வரும் வெள்ளித் தாளின் பளபள முகம் கீழ்நோக்கி, கூரைக்கும் உள்கூரைக்கும் இடைப்பட்ட காற்றைப் பார்த்து இருக்கட்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து வேலை செய்யாது, எதையாவது ஒட்டியிருந்தாலும் செய்யாது. நுரை ஒட்டிய சாண்ட்விச் பேனலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். வெப்பத்துக்கு நல்லது. ஆனால் ஆயுள் முடிந்தபின் நுரையையும் உலோகத்தையும் பிரிப்பது பெரும்பாடு, உங்கள் நோக்கத்துக்கு ஒத்துவராது.

செம்பு செய்யும் சேட்டை

செம்புப் பாத்திரத்தில் நீரை மணிக்கணக்கில் வைத்தால் கிருமி குறையும். பீலியில் நீர் இருப்பது சில நொடி. அதற்குள் எந்தக் கிருமியும் சாகாது. ஆனால் அந்த நேரத்திலேயே செம்பு கொஞ்சம் கரைந்துவிடும், மழைநீர் லேசான அமிலத்தன்மை உள்ளது. குடிநீரில் செம்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். மனிதருக்கு அது பரவாயில்லை. மீனுக்கு அதில் நூறில் ஒரு பங்கு அளவே ஆபத்தாகலாம், அதுவும் மழைநீர் போன்ற மென்னீரில் பாதிப்பு கூடும். நத்தையும் பாசியும் மீனுக்கு முன்பே போய்விடும். உங்கள் மீன்குட்டைக்குச் செம்புப் பீலியின் நீர் ஆகவே ஆகாது.

உலோகத்துக்கும் உலோகத்துக்கும் உள்ள பகை இன்னொன்று. செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி, அலுமினியம்தான் கரையும். தொடக்கூட வேண்டாம், செம்பின் மேல் ஓடிய நீர் அலுமினியத்தின் மேல் சொட்டினாலே துளை விழும். ஏ.சி.யின் செம்புக் குழாய் கூரை மேல் போகிறதா என்று பாருங்கள். அதிலிருந்து நீர் சொட்டினால், விழும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து, நடுவில் ஊசித் துளை தெரியும்.

இதே ரீதியில் கவனிக்க வேண்டியவை சில:

பர்லின் பெயின்ட் மட்டும் அடித்த இரும்பாக இருந்தால் ஷீட் உட்காரும் இடமெல்லாம் ரப்பர் அல்லது பியூட்டைல் டேப் ஒட்ட வேண்டும். பூச்சிக்காகச் செம்பு உப்பு ஏற்றிய மரமாக இருந்தாலும் அதே டேப் வேண்டும்.

ஸ்க்ரூ 316 தர எவர்சில்வர், இ.பி.டி.எம். ரப்பர் வாஷரோடு. எவர்சில்வரும் அலுமினியமும் பகைதானே என்று கேட்பீர்கள். ஸ்க்ரூ சிறியது, ஷீட் பெரியது. அரிப்பு அவ்வளவு பெரிய பரப்பில் பரவிவிடுவதால் காலம் தாங்கும். கால்வனைஸ்டு ஸ்க்ரூ கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடித்து ஷீட்டில் பழுப்புக் கோடு இறக்கும்.

சுவரோரத்தில் சிமென்ட் பூசி அடைக்க விடாதீர்கள். ஈரச் சிமென்ட்டின் காரம் அலுமினியத்தைத் தின்னும். அலுமினியப் பட்டையைச் சுவர்க் காடியில் செருகி, நடுநிலை வகைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். டியூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈயத் தகடும் வேண்டாம். குடிநீரில் ஈயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான்.

பீலியின் கணக்கு

பீலியும் அலுமினியமே போடுங்கள். பெயின்ட் அடித்த கூரையின் கீழ் ஜி.ஐ. பீலி வைத்தால், கூரையில் எதையும் கரைக்காமல் வரும் சுத்தமான நீர் பீலியின் துத்தநாகத்தைக் கரைக்கும். நீர் சொட்டும் வரிசையில் பொட்டுப் பொட்டாக முதல் துரு தெரியும்.

அளவுக்கு வருவோம். கனமழையில் ஐந்து நிமிட வேகம் மணிக்கு 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 60 சதுர மீட்டர் சரிவிலிருந்து மணிக்கு 12,000 லிட்டர் வரும். நொடிக்கு 3.3 லிட்டர். 150 மி.மீ. அகலம், 120 மி.மீ. ஆழமுள்ள பெட்டி வடிவப் பீலி ஒவ்வொரு பக்கத்துக்கும் வைத்து, நடுவை உயர்த்தி இரண்டு முனைக்கும் வாட்டம் கொடுங்கள். மீட்டருக்கு 3 மி.மீ. வாட்டம் என்றால் ஐந்து மீட்டரில் 15 மி.மீ. இறக்கம், கண்ணுக்குக் கோணலாகத் தெரியாது. முனைக்கு ஒன்றாக 75 மி.மீ. இறங்குகுழாய் இரண்டு. இலை உதிர்க்கும் மரம் பக்கத்தில் இருந்தால் குழாய் 100 மி.மீ. இருக்கட்டும். வாட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லவிடாதீர்கள். நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, கடைசியில் ஒரு குடம் நீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். அரைமணி கழித்து எங்காவது நீர் தேங்கியிருந்தால் அங்கேதான் கொசுவும் வளரும், உலோகமும் அரிக்கும்.

தாங்கிகளின் இடைவெளி 600 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நிரம்பிய பீலியில் மீட்டருக்கு 18 கிலோ நீர் நிற்கும். 1.2 மீட்டருக்கு ஒன்று என்றால் ஒரு தாங்கி 22 கிலோ சுமக்க வேண்டும், இரண்டு மழையில் தொங்கிவிடும், வாட்டமும் போய்விடும். பீலியின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 10 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். அடைத்துக்கொண்டால் நீர் வெளியே கொட்டும், சுவருக்குள் வராது. ஷீட் நுனி பீலிக்குள் 50 மி.மீ. நீண்டிருக்க வேண்டும்.

அலுமினியம் சூட்டில் எஃகைவிட இருமடங்கு நீளும். 10 மீட்டர் பீலி 40 டிகிரி ஏறி இறங்கினால் 9 மி.மீ. நகரும். நடுவில் மட்டும் இறுக்கிப் பிடித்து, மற்றத் தாங்கிகளில் சறுக்க விடுங்கள். இரு முனையிலும் ரிவெட் அடித்துச் சுவரோடு பூட்டினால் மூட்டில் விரிசல் விடும், பிறகு வருடா வருடம் சிலிக்கான் அப்பிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஷீட்டுக்கும் இதே விதி. ஸ்க்ரூவைவிடப் பெரிய துளை, அதை மூட அகல வாஷர்.

கனம் குறைந்தால் காற்று தூக்கும்

இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 கிலோ. அந்தக் கனமே இதுவரை பாதிப் பிடிமானமாக இருந்தது. புது ஷீட் அதில் ஏழில் ஒரு பங்கு. மணிக்கு 160 கி.மீ. காற்று அடித்தால் சதுர மீட்டருக்கு 120 கிலோ அளவில் மேல்நோக்கி இழுக்கும், ஓரத்திலும் முகட்டிலும் இன்னும் கூடும். ஷீட்டை எவ்வளவு நன்றாக முடுக்கினாலும், பர்லின் சட்டத்தோடும் சட்டம் சுவரோடும் கட்டப்படாவிட்டால் கூரை மொத்தமாகப் போகும். பழைய ஷீட் இறங்கிய அன்று இந்த இரண்டு இணைப்பையும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும், அப்போதுதான் எல்லாம் திறந்து கிடக்கும். பழைய பர்லின் இடைவெளி பெரும்பாலும் 1.4 மீட்டர் இருக்கும். 0.7 மி.மீ. அலுமினியத்துக்கு அது அதிகம். ஷீட் உற்பத்தியாளரின் அட்டவணையைப் பார்த்து நடுவே பர்லின் சேர்க்க நேரும், அந்தச் செலவை இப்போதே கணக்கில் வையுங்கள்.

வேலை நடக்கும்போது நீங்கள் பார்க்கக்கூடியவை

ஷீட்டைத் தகரக் கத்தரியால் வெட்ட வேண்டும். பக்கத்தில் இரும்பு வெட்டும் கிரைண்டரின் தீப்பொறி பெயின்ட்டில் ஒட்டி, அடுத்த நாள் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். துளையிட்ட தூளை அன்றன்று மாலை மென்மையான தூரிகையால் தள்ளிவிடச் சொல்லுங்கள். ஷீட்டை ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தைப் போட்ட அன்றே உரிக்க வேண்டும், வெயிலில் விட்டால் பிறகு நகத்தால் சுரண்டும் வேலை. ஸ்க்ரூ சரியான இறுக்கத்தில் இருந்தால் ரப்பர் வாஷர் உலோகத் தொப்பியின் விளிம்புவரை மட்டும் வந்து நிற்கும். ரப்பர் பிதுங்கி வெளியே மலர்ந்திருந்தால் இறுக்கம் அதிகம், வெயிலில் வெடித்து ஒழுகும். தளர்ந்து சுற்றினால் அதுவும் ஒழுகும். ஏணியில் ஏற முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அலுமினிய ஷீட்டைக் கீழே அடுக்கி வைத்திருக்கும் நாட்களில் நடுவே மழைநீர் புகுந்தால் வெண்கறை விழும், பிறகு போகாது. சற்றுச் சாய்த்து, மூடி வையுங்கள்.

விலைப்புள்ளி எழுத்தில் வர வேண்டும். கலவை எண், பெயின்ட் நீங்கலான உலோகத் தடிமன், பெயின்ட் வகை, ஸ்க்ரூ தரம், டேப், பீலித் தாங்கி இடைவெளி, பழைய ஷீட்டை அப்புறப்படுத்தும் பொறுப்பு ஆகிய எல்லாம் அதில் இருக்கட்டும். ஷீட் வெட்டிய உலோகச் சுருளின் ஆலைச் சான்றிதழையும் கேளுங்கள். உத்தரவாதம் ஷீட்டுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்பதைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஷீட் உத்தரவாதத்தில் ‘மழை கழுவாத பகுதி’ என்ற விலக்கு இருக்கலாம். இறவாணத்தின் அடிப்பக்கம்தான் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே குழாய்த் தண்ணீர் அடித்து உப்பைக் கழுவிவிட்டால் போதும், தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் வாதத்துக்கும் உதவும்.

கூரைநீரைக் குடிப்பது பற்றி

10 மி.மீ. மழைக்கு உங்கள் கூரையில் 1,200 லிட்டர் விழும், கையில் கிடைப்பது ஆயிரம் லிட்டர் அளவு. ஆனால் எந்தக் கூரையும் நீரைக் குடிநீராக்காது. பறவை எச்சமும் தூசியும் எல்லாக் கூரையிலும் உண்டு. மழைநீர் சேகரிப்புக்கு ஏற்ற பெயின்ட்தானா என்று உற்பத்தியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மழையிலும் முதல் நீரைச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் ஒதுக்க வேண்டும், பக்கத்துக்கு 60 லிட்டர். 150 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு 17 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் என்பதால், மூன்றரை மீட்டர் குழாயை அடியில் மூடி, சின்னக் கசிவுத் திறப்போடு நிறுத்தினால் அது தானாக நிரம்பி, மழை விட்டபின் தானாக வடிந்துவிடும். அதன் பிறகு வரும் நீர் வடிகட்டி வழியாகத் தொட்டிக்குப் போகட்டும். குடிக்க வேண்டுமானால் கொதிக்க வைப்பதோ புற ஊதாக் கருவியோ கட்டாயம், வருடத்துக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனையும் வேண்டும்.

பழைய கூரைநீர் போய்க்கொண்டிருந்த தொட்டி இருந்தால், புது இணைப்புக்கு முன் அதை ஈரமாகவே சுத்தம் செய்து வண்டலைப் பையில் கட்டி ஆஸ்பெஸ்டாஸ் கழிவோடு அனுப்புங்கள். புதுக் கூரையில் எண்ணெய்ப் பிசுக்கும் துளைத்தூளும் இருக்கும். முதல் இரண்டு மூன்று பெருமழையின் நீரைத் தொட்டிக்கும் விடாதீர்கள், மீன்குட்டைக்கும் விடாதீர்கள். தோட்டத்து மரங்களுக்குப் போகட்டும்.